விண்செலவும் விளையாட்டும்

மனிதன் தான் அடைய விரும்பும் ஒன்றை முதலிற் போலச்செய்து பார்க்கும் இயல்புடையவன். சிறுமியர் சிற்றில் இழைத்துச் சிறுசோறு அடுவது விளையாட்டே. ஆயினும் அவ்விளையாட்டினூடே இல்லறத்தின் ஒழுங்கு அவர்தம் கைக்கும் கருத்துக்கும் பழக்கமாகின்றது. விளையாட்டு எங்கு முடிகின்றது, பயிற்சி எங்குத் தொடங்குகின்றது என்பது எளிதில் விடைகூற இயலாத பழைய வினாவாகும். விண்வெளிச் செலவு என்னும் புதிய துறையில் இப்பழைய வினா புத்துருப் பெற்றுள்ளது.

கணினித் திரையில் விண்கலஞ் செலுத்துதற்கென ஆக்கப்பட்ட நிரல்கள் இருவகைப்படும். ஈர்ப்பு, சடத்துவம், எரிபொருட் செலவு முதலியவற்றை இயற்கையில் உள்ளவாறே கணித்துக் காட்ட முயல்வன ஒருவகை. இவற்றைப் போலச்செய் நிரல்கள் எனலாம். விண்வெளியைக் களமாக மட்டும் கொண்டு, போரும் வாணிகமும் வேடிக்கையும் நிகழ்த்துவன மற்றொருவகை. இவை விளையாட்டு நிரல்கள். முன்னையதை அறிவு என்றும் பின்னையதைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்து, ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது பலரின் வழக்கம். அவ்வழக்கம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்விரு வகையினதும் மூலத்தை நாடிச் செல்வோர் வந்தடையும் இடம் விண்வெளிக் கழகம் அன்று. இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றாகும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்கம்ரன் நகரிற் பியானோவும் ஓகனும் செய்த குடும்பத்திற் பிறந்தவர் எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்பதற்குப் பெருஞ் செலவாவதைக் கண்ட அவர், ஓகன் கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் வெற்றிடப் பம்பிகளையும் கொண்டு, நிலத்தில் நின்றவாறே சாய்ந்து, எழுந்து, திரும்பும் சிறு விமானப் பொறி ஒன்றை ஆக்கினார். 1929 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். விமானப் பயிற்சிக் கூடங்கள் அதனை விரும்பி ஏற்கவில்லை. விரும்பி ஏற்றவை களியாட்டுப் பூங்காக்களே. அங்கே காசு கொடுத்து அதில் ஏறி மக்கள் மகிழ்ந்தனர். பிற்காலத்துப் போலச்செய் பொறிகள் அனைத்துக்கும் முன்னோடியான இப்பொறி ஒரு விளையாட்டுப் பொருளாகவே முதலில் உலகிற் பரவியது.

1934 ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் வான்வழித் தபாலைத் தனியார் கம்பனிகளிடமிருந்து நீக்கி, இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. தெளிந்த வானிற் பறந்து பழகிய இளம் விமானிகள், பனிக்காலத்து இருளிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்க அறியாதவராய், சில கிழமைகளுக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அதன் பின்னரே படையதிகாரிகளின் கண் லிங்கின் பொறிமீது சென்றது. அவ்வாண்டில் ஆறு பொறிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடியுமுன் ஏறத்தாழ 5 இலட்சம் வான்படையினர் அதிற் பயின்றனர். பூங்காவிற் களிப்பூட்டிய அதே துருத்திகள் உயிர் காக்கும் கருவியாயின. பொறி மாறவில்லை, அதனை அணுகிய மனிதரின் நோக்கமே மாறியது.

விண்வெளி யுகம் தோன்றியபோது இப்பயிற்சி முறை இன்றியமையாததாயிற்று. விமானம் ஓட்டக் கற்பவன் ஆசிரியரோடு பறந்து கற்கலாம். முதன்முதல் விண்வெளிக்குச் செல்பவனுக்கு அத்தகைய ஆசிரியர் இல்லை. ஆதலின் 1961 ஏப்பிரல் 12 ஆம் நாள் விண்வெளிக்குச் சென்ற யூரி ககாறின், தாம் காணாத அனுபவத்தை நிலத்திலிருந்த வொஸ்ரொக் பயிற்சிப் பொறியிலேயே முன்னர்ப் பெறவேண்டியிருந்தது.

ககாறினது செலவுக்கு மறு ஆண்டில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் வேறொரு முயற்சி நிறைவேறியது. அக்கழகத்துக்கு நன்கொடையாகக் கிடைத்த பிடிபி-1 என்னும் கணினியின் திரையில் இரண்டு சிறு விண்கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பொரும் விளையாட்டொன்றை, மாட்டின் கிறெற்ஸ், வெயின் விற்றானன் ஆகியோருடன் கலந்து திட்டமிட்டு, ஸ்ரீவ் றசல் என்னும் இளைஞர் 1962 இல் ஆக்கினார். ஸ்பேஸ்வோர் என்பது அதன் பெயர். விண்வெளிப் போர்க் கதைகளிற் கொண்ட காதலே அதற்கு வித்தாயிற்று. எனினும், ஆக்கியோர் கணிதம் பயின்றவராதலின் கற்பனையோடு அமைந்துவிடவில்லை. உந்துபொறியை நிறுத்திய பின்னும் கலம் அதே திசையிற் சென்றுகொண்டிருந்தது. நியூற்றனின் முதலாம் விதி அத்திரையிற் பிறழாது ஆட்சி செய்தது. டான் எட்வேட்ஸ் என்பவர் திரையின் நடுவே ஒரு சூரியனை அமைத்து, அதன் ஈர்ப்பினாற் கலங்கள் வளைந்து செல்லுமாறு செய்தார். பீற்றர் சாம்சன் என்பவர், மனம் போனவாறு தூவப்பட்டிருந்த புள்ளிகளை நீக்கி, வானநூலட்டவணைப்படி உண்மையான விண்மீன்களைப் பின்புலமாக அமைத்தார்.

இத்துணை உண்மைநாட்டம் கொண்ட அவ்விளையாட்டில் ஒரு பொய்யும் இருந்தது. கலங்களை ஈர்த்த சூரியன், அக்கலங்கள் எறிந்த எறிகணைகளை ஈர்க்கவில்லை. எல்லா எறிகணைகளின் வளைவையும் உடனுக்குடன் கணிக்க அக்கணினிக்கு நேரம் போதாமையே காரணம். திரையின் வலப்புறத்தால் வெளியேறிய கலம் இடப்புறத்தால் மீண்டு வந்ததும் இயற்கைக்கு மாறானதே. விளையாட்டு நிரல்களின் வரலாற்றில் முற்பட வைத்து எண்ணப்படும் இந்நூற்பு, மெய்யும் பொய்யும் விரவியதாகவே பிறந்தது. எங்கே மெய்யாயிருத்தல் வேண்டும், எங்கே பொய்யை அனுமதிக்கலாம் என்னும் தெரிவு அன்றே தொடங்கிவிட்டது.

ஸ்பேஸ்வோர் உருவான அதே கழகத்தில், 1963 இல் எட்வின் ஓல்ட்றின் என்பார் சுற்றுப்பாதையில் இரு விண்கலங்கள் சந்திக்கும் முறைபற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சியின் அருமையை 1965 யூன் 3 ஆம் நாள் நிகழ்ந்த ஒரு தோல்வி உலகுக்கு உணர்த்தியது. அன்று ஜெமினி 4 என்னும் கலத்திற் சென்ற ஜேம்ஸ் மக்டிவிற், தம்மை ஏற்றிவந்து கழன்ற றொக்கற்றின் மேற்பகுதியை அணுக முயன்றார். இலக்கு எதிரே தெரிந்தது. விமானம் ஓட்டுவோர் எவரும் செய்வது போலவே, இலக்கை நோக்கிக் கலத்தை உந்தினார். இலக்கோ விலகிச் சென்றது. மீண்டும் உந்தினார், மீண்டும் விலகியது. எரிபொருளில் ஏறத்தாழப் பாதி தீர்ந்தும் கருமம் கைகூடாமையால் முயற்சி கைவிடப்பட்டது.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. பூமியைச் சுற்றும் கலம் முன்னோக்கி உந்தப்படின் அதன் பாதை உயர்கின்றது. உயர்ந்த பாதையிற் செல்லும் கலமோ குறைந்த கதியிற் செல்வதோடு நெடிய வட்டத்தையும் கடக்கவேண்டியதாகின்றது. ஆகவே, விரைய முயன்றவன் பின்தங்குகின்றான். முன்னே செல்வதைப் பிடிக்க விரும்புவோன் தன் கதியைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே அவன் சுற்று விரைவில் முடிய, இலக்கை அணுகி, பின்னர் உயரவேண்டும். நிலத்தில் வாழும் மனிதனின் உள்ளுணர்வுக்கு இது முற்றும் மாறானது. ஏட்டிற் படித்து ஒப்புக்கொள்வது எளிது. கையாற் செய்து பழகினாலன்றி உள்ளத்தில் நிலைப்பது அரிது. அவ்வாண்டு திசம்பர் 15 ஆம் நாள் வோல்ற்றர் சிறா செலுத்திய ஜெமினி 6ஏ கலம், இவ்விதியைத் தழுவிச் சென்று ஜெமினி 7 கலத்தை ஓரடி அளவுக்கு அணுகியது. முறையான கணிப்பும் பயிற்சிப் பொறியிற் பெற்ற பழக்கமுமே இவ்வெற்றியைத் தந்தன.

போலச்செய்தலின் பெருமை உச்சநிலை எய்தியது அப்பலோத் திட்டத்திலேயாகும். அப்பலோக் கலங்களுக்கான பயிற்சிப் பொறிகளை ஆக்கும் பொறுப்பு, ஒருகாலத்திற் பூங்காக்களுக்குப் பொறி விற்ற லிங்கின் பெயர் தாங்கிய நிறுவனத்திடமே வந்து சேர்ந்தது. இப்பொறிகளில் விண்வெளி வீரர் மட்டுமல்லாது, ஹியூஸ்ரன் நகரக் கட்டுப்பாட்டறையிலிருந்த இளம் பொறியியலாளரும் பயின்றனர். பயிற்சியை நடத்துவோரின் கடமை, எதிர்பாராத பழுதுகளை இடையிடையே புகுத்தி மாணாக்கரைத் தடுமாறச் செய்தலாகும்.

1969 யூலை 5 ஆம் நாள், அப்பலோ 11 புறப்படுதற்குப் பதினொரு நாள்களே எஞ்சியிருந்த வேளையில், றிச்சாட் கூஸ் என்பவரின் குழுவினர் ஒத்திகையின் நடுவே 1201 என்னும் எச்சரிக்கைக் குறியீட்டைக் கலத்தின் கணினியிற் தோன்றச் செய்தனர். வழிகாட்டற் பொறுப்பிலிருந்த ஸ்ரீவ் பேல்ஸ் அதன் பொருளை அறியாதவராய், இறங்குதலைக் கைவிடுமாறு கூறினார். ஒத்திகை முடிந்தபின் அம்முடிவு பிழையென்று எடுத்துரைக்கப்பட்டது. கணினி தன் வேலைப்பளு மிகுந்ததைத் தெரிவித்ததேயன்றி, செயலிழந்துவிடவில்லை. செலவுப் பணிப்பாளரான ஜீன் கிறான்ஸ் அத்தகைய குறியீடுகள் அனைத்தையும் ஆராய்ந்து விதி வகுக்குமாறு பணித்தார். ஜாக் கார்மன் என்னும் இளைஞர் அவற்றைக் கைப்பட எழுதி அட்டவணையாக்கினார். யூலை 20 ஆம் நாள், ஆம்ஸ்ரோங்கும் ஓல்ட்றினும் சந்திரனின் தரையை நோக்கி இறங்குகையில், மெய்யாகவே 1202 என்னும் எச்சரிக்கை தோன்றியது. கார்மனின் அட்டவணை கைவசம் இருந்தது. சில செக்கன்களுக்குள், தொடர்ந்து செல்லலாம் என்னும் விடை கிடைத்தது. போலிக் களத்திற் செய்யப்பட்ட பிழை, மெய்க்களத்திற் பிழை நேராது காத்தது.

இங்கே ஒரு வேறுபாடும் நோக்கற்பாலது. போலச்செய்தல் எப்பொழுதும் இடரற்றதன்று. சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறிலொன்றாதலின், பயிற்சிக் கலத்தின் எடையில் ஆறில் ஐந்து பங்கை ஒரு தாரைப் பொறி தாங்குமாறு அமைத்து, மெய்யாகவே வானில் எழுப்பிப் பழகினர். 1968 மே 6 ஆம் நாள் அத்தகைய கலம் நிலைகுலைய, ஆம்ஸ்ரோங் ஏறத்தாழ 200 அடி உயரத்தில் இருக்கையோடு வெளியெறியப்பட்டு, பரசூட்டின் துணையால் உயிர் தப்பினார். கலம் எரிந்தழிந்தது. அவ்வாறிருந்தும் அப்பயிற்சி இன்றியமையாதது என்பதே அவர் கருத்தாயிருந்தது. மெய்மையை நெருங்குந்தோறும் அதற்குரிய விலையும் உயர்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

சந்திரனில் மனிதன் இறங்கிய அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே, அக்காட்சியில் ஈடுபட்ட ஜிம் ஸ்ரோரர் என்னும் உயர்பள்ளி மாணவர், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லெக்சிங்ரன் நகரில், பிடிபி-8 கணினியில் ஒரு நிரலை எழுதினார். படம் எதுவும் அதில் இல்லை, எண்களே அச்சிடப்பட்டன. 120 மைல் உயரத்தில், செக்கனுக்கு ஒரு மைல் வீதம் விழும் கலத்தை, 16,000 இறாத்தல் எரிபொருளைக்கொண்டு மெல்லென இறக்குதல் வேண்டும். ஒவ்வொரு 10 செக்கனுக்கும் எவ்வளவு எரிபொருள் எரிப்பது என ஆடுவோன் எழுதுவான். எரிபொருள் குறையக் கலத்தின் திணிவு குறைவதையும் அதனால் ஆர்முடுகல் மாறுவதையும் அம்மாணவர் கணக்கிற் கொண்டார். இதனை விளையாட்டென்பதா, போலச்செய்தல் என்பதா? இரண்டுமே பொருந்தும். அதன் கணிதத்தில் ஓரிடத்தில் இரண்டால் வகுக்க மறந்த சிறு வழு 2024 இலேயே கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனை ஆடியோர் எவர்க்கும் அவ்வழு இடையூறாகவில்லை. எண்ணிற் சிறிது பிழைத்தும் இயல்பிற் பிழையாத அந்நிரல், எரிபொருளை முற்படச் செலவிட்டவன் முடிவில் வீழ்வான் என்னும் உண்மையைத் தவறாது கற்பித்தது.

இருவகையும் வெவ்வேறு வழியிற் பிரிந்தமை சந்தையின் விளைவாகும். 1971 இல் நோலன் புஷ்னெல், ரெட் டப்னி ஆகியோர் ஸ்பேஸ்வோரைத் தழுவிக் காசுக்கு ஆடும் பொறியொன்றை ஆக்கியபொழுது, நடுச் சூரியனையும் ஈர்ப்பையும் கைவிட்டனர். அவ்வாறு எளிமையாக்கியும் சடத்துவத்தோடு ஓடும் கலம் பொதுமக்களுக்குக் கடினமாகவே தோன்றியது. 1978 இல் யப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் உலகெங்கும் பரவியது. அதிற் கலம் இடமும் வலமுமாக மட்டுமே நகர்ந்தது. இயற்கை விதி எதையும் ஆடுவோன் அறியவேண்டியதில்லை. 1979 இல் அற்றாரி நிறுவனம் இரு பொறிகளை வெளியிட்டது. ஈர்ப்பையும் எரிபொருளையும் சார்ந்த லூனர் லாண்டர் ஒன்று. பாறைகளைச் சுட்டுச் சிதறடிக்கும் அஸ்ரறொயிட்ஸ் மற்றது. முன்னையது 5,000 பொறிகளை எட்டுமுன்னே நிறுத்தப்பட, பின்னையது ஏறத்தாழ 70,000 வரை விற்பனையாயிற்று. பின்னையதிற் கலம் சறுக்கிச் செல்லுமாயினும், உந்துதல் நின்றதும் படிப்படியே வேகங் குறைந்து ஓயும். வெற்றிடத்தில் இல்லாத தடை ஒன்று, ஆடுவோனின் வசதிக்காக அங்கே புகுத்தப்பட்டது.

திரைப்படமும் இப்பிரிவை வலுப்படுத்தியது. 1977 இல் வெளிவந்த ஸ்ரார் வோர்ஸ் படத்தின் போர்க்காட்சிகள், இரண்டாம் உலகப் போர்க்கால விமானச் சண்டைப் படங்களை முன்மாதிரியாகக் கொண்டவை. அதனாற் பொதுமக்கள் உள்ளத்தில் விண்கலம் என்பது வெற்றிடத்திற் பறக்கும் விமானமாகவே பதிந்தது. 1984 இல் டேவிட் பிறேபன், இயன் பெல் ஆகியோர் வெளியிட்ட எலீற் என்னும் புகழ்பெற்ற விளையாட்டிலும் கலங்கள் விமானங்களைப் போலவே திரும்பின. ஒவ்வொன்றிலும் 256 உலகங்களைக் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை ஒரு சிறு கணினியில் அடக்கியதே அதன் அருஞ்சாதனை. 1993 இல் வந்த அதன் தொடர்ச்சியில், பிறேபன் நியூற்றனின் விதிகளை முற்றாக நிலைநாட்டினார். ஆடியோரிற் பலர் அதனை வரவேற்கவில்லை. எதிரெதிர் வந்த கலங்கள் பெருங்கதியில் ஒன்றையொன்று கடந்து அகன்றனவேயன்றி, நெருங்கிப் பொருதற்கு வாய்ப்பு அரிதாயிற்று. 2014 இல் வெளிவந்த பிந்திய பதிப்பிற் கலங்களுக்கு உச்சக்கதி விதிக்கப்பட்டது. மெய்மை கூடியவிடத்து இன்பம் குறைதலும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

மெய்மையையே இன்பமாகக் கொண்டோரும் இல்லாமலில்லை. 2000 ஆம் ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மாட்டின் ஷ்வைகர், ஓர்பிற்றர் என்னும் போலச்செய் நிரலை விலையின்றி வெளியிட்டார். அதிற் போரில்லை, வெற்றிப் புள்ளிகள் இல்லை. கோள்களின் நிலைகள் வானியற் கணிப்பின்படி அமைந்தன. ஒரு கலத்தின்மீது பல கோள்களின் ஈர்ப்பும் ஒருங்கே செயற்பட்டது. 2021 இல் அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. பாடநூலை அருகில் வைத்துப் பல நாள் உழைத்தாலன்றி இதிற் சந்திரனை அடைதல் இயலாது. உழைத்தோர்க்கு அது பெருஞ் செல்வம். ஏனையோர் வாயிலிலேயே திரும்பினர்.

இவ்விடைவெளியை நிரப்பியது மெக்சிக்கோ நகரில் பிலிப்பே பலாங்கே என்பவரின் கருத்திலிருந்து பிறந்த கேர்பல் ஸ்பேஸ் புறோகிறாம் ஆகும். 2011 இல் முதன்முதல் வெளிவந்து, 2015 இல் நிறைவுபெற்ற இந்நிரல், தோற்றத்தில் முழு விளையாட்டு. பச்சை நிறக் குள்ளர் அதன் வீரர். அவர்தம் றொக்கற்றுகள் வெடித்துச் சிதறுவது அன்றாட நிகழ்ச்சி. அவர்கள் வாழும் கோளின் ஆரை 600 கிலோமீற்றர் மட்டுமே; ஆயினும் அதன் மேற்பரப்பிலுள்ள ஈர்ப்பு பூமியின் ஈர்ப்புக்கு ஒப்பானது. இதற்கு அக்கோளின் அடர்த்தி பூமியின் அடர்த்தியைப் போற் பத்து மடங்குக்கு மேலாதல் வேண்டும். அத்தகைய கோள் இயற்கையில் அமைதல் அரிது. பூமியைத் தாழச் சுற்றும் கலத்துக்குச் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் கதி வேண்டும். அங்கே ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் போதும். மேலும், ஒரு வேளையில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே கணக்கிடப்படுகின்றது.

அளவுகள் யாவும் பொய். ஆனால் அளவுகளுக்கிடையேயுள்ள தொடர்புகள் மெய். முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்க உந்துவோன் அங்கேயும் பின்தங்குவான். ஜெமினி 4 இல் மக்டிவிற் எய்திய அதே திகைப்பை, பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு மேசையில் எய்துகின்றான். பலமுறை தோற்றபின், வேகங் குறைத்தலே முந்துதற்கு வழி என்பதைத் தானே கண்டறிகின்றான். 2014 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, சிறுகோள் ஒன்றைப் பற்றி இழுத்துவரும் தன் திட்டத்தை மக்களுக்கு விளக்குதற்கு இவ்விளையாட்டோடு இணைந்து பணியாற்றியமை அதன் கல்விப் பயனுக்குத் தக்க சான்றாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மெய்மை என்பது ஒன்றன்று, இரண்டு என்பது புலனாகும். எண்ணின் மெய்மை ஒன்று. இயல்பின் மெய்மை மற்றது. மெய்க்கலத்தை ஓட்டப் புகுவோனுக்கு எண்ணின் மெய்மை வேண்டும். ஒரு குறியீடு தவறினும் உயிர் போகும். அவனுக்குக் குள்ளர் உலகம் போதாது. விண்ணின் ஒழுங்கை அறிய விரும்பும் மாணாக்கனுக்கு முதலில் வேண்டுவது இயல்பின் மெய்மை. அவன்முன் எண்களை மலைபோற் குவிப்பின் ஒழுங்கு மறைந்துவிடும். இவ்விரண்டும் இல்லாத விளையாட்டுகள் கைவிரைவையும் களிப்பையும் தரலாம். அவற்றைப் பழித்தல் வேண்டா. ஆயின், விமானத்தையே விண்கலமென்று காட்டுவன பிழையான உள்ளுணர்வை வளர்க்கும் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

இருவகைக்கும் பொதுவாயுள்ள சிறப்பு ஒன்று உண்டு. அது பிழை செய்தற்கு இடமளித்தல். 1934 இல் மாண்ட தபால் விமானிகளுக்குப் பிழை செய்து திருந்தும் வாய்ப்பு இருக்கவில்லை. 1969 யூலை 5 ஆம் நாள் பேல்ஸுக்கு அவ்வாய்ப்பு இருந்தது. அவ்வொரு வாய்ப்பே சந்திரனில் மனிதன் இறங்கியதற்கும் இறங்காது திரும்புவதற்கும் இடையே நின்றது. ஓகன் துருத்தியால் ஆடிய பூங்காப் பொறியிலிருந்து பச்சைக் குள்ளரின் றொக்கற்று வரை, போலச்செய்தலின் பயன் தோல்வியின் விலையைக் குறைத்தலேயாகும். அவ்விலை குறைந்தவிடத்து மனிதன் துணிகின்றான். துணிந்து தவறி, தவறித் திருந்தி, திருந்திக் கற்கின்றான். சிற்றில் சிதைந்தால் மீண்டும் கட்டலாம். அங்ஙனம் மீண்டும் மீண்டும் கட்டிப் பழகிய கையே நாளை நிலைத்த இல்லத்தைக் கட்டும்.